ராமன் கண்ட ஒளியும் இரத்தப் பரீக்ஷையும்

பிப்ரவரி 28-ந் தேதியை நமது தேசத்தில் விஞ்ஞான தினமாகக் கொண்டாடுவது 1987-ம் வருஷம் முதல் வழக்கமாகியிருக்கிறது. அன்று பள்ளிக்கூடங்களில் ஸர் சி. வி. ராமனின் படத்துக்கு மாலை சூட்டுகிறார்கள். அவர் பெற்ற நோபெல் பரிசைப் பற்றிச் சிறுவர்கள் மனப்பாடமாய்ப் பேசுகிறார்கள். மறுநாள் மாலை வாடுகிறது, பேச்சும் மறந்துபோகிறது. அவர் கண்டது இன்னதென்பதும், அது இன்று எந்தக் காரியத்துக்கு உதவ முன்வந்திருக்கிறதென்பதும் படித்தவர்களிலும் பலர் அறியாதவை. ஒரு சொட்டு இரத்தத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அதினின்றும் சிதறி வரும் கிரணங்களைப் பிரித்துப் பார்த்து, தேகத்தினுள்ளே புற்றுநோய் தலைகாட்டியிருக்கிறதா என்று அறிய முடியுமா? உலகத்தின் பல ஆராய்ச்சிசாலைகள் இக்கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் கையாளும் முறைகளுள் தலையாய ஒன்றுக்கு ராமன் பெயரே வழங்குகிறது. ஆகையால் அம்மகானுடைய வாழ்க்கையையும், அவர் கண்ட ஒளி நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கும் வரலாற்றையும் நமது நேயர்களுக்கு ஒருங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர வேங்கடராமன் 1888-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் உபாத்தியாயர். தாயார் பார்வதி அம்மாள். குடும்பத்தில் செல்வம் இல்லை, புஸ்தகங்கள் இருந்தன. 1892-ம் வருஷம் தந்தைக்கு விசாகப்பட்டணத்துக் கலாசாலையில் கணிதமும் பௌதிகமும் போதிக்கும் வேலை கிடைக்கவே, குழந்தை ராமனின் இளம்பருவம் அக்கடற்கரைப் பட்டணத்தில் கழிந்தது. பதினோராவது வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை பிரஸிடென்ஸி கலாசாலையில் சேர்ந்து, 1904-ல் பி. ஏ. பரீக்ஷையில் முதல்வராகவும், 1907-ல் எம். ஏ. பரீக்ஷையில் உயர்ந்த தரத்திலும் தேறினார்.

மேதாவியான மாணவன் மேற்படிப்புக்குச் சீமைக்குப் போவதே அக்காலத்து முறை. ராமனையும் அனுப்பலாமென்று ஆசிரியர்கள் எண்ணினர். ஆனால் அவருடைய மெலிந்த தேகம் இங்கிலாந்தின் குளிரைத் தாங்காதென்று சென்னை சிவில் ஸர்ஜன் அபிப்பிராயம் கூறிவிட்டார். இதனால் ஓர் இளைஞனின் எதிர்காலம் கெட்டுவிட்டதென்று அன்று பலர் வருந்தியிருக்கக்கூடும். இன்று திரும்பிப் பார்க்குங்கால், அந்த வைத்தியரின் தடையையே தேசத்துக்குக் கிடைத்த நன்மையாகக் கொள்ளவேண்டியிருக்கிறது. அன்னிய ஆசிரியரின் நிழலில் வளராமல் தம் கண்ணையும் கையையும் நம்பி வளர்ந்தவர் ராமன். கலாசாலை மாணவராக இருந்தபோதே, நீள்சதுரத் துவாரத்தின் வழியே ஒளி வளைந்து செல்லும் விதத்தைத் தாமே ஆராய்ந்து, இலண்டன் நகரத்துப் பிரசித்திபெற்ற விஞ்ஞானப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். 1906-ம் வருஷம் அது அச்சேறிற்று. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

உத்தியோகமும் ஓர் வைத்தியர் கட்டிய வீடும்

விஞ்ஞானம் கற்றவனுக்கு அந்நாளில் இந்தியாவில் தகுந்த பிழைப்பு இல்லை. ஆகவே ராமன் நிதி இலாகாவின் போட்டிப் பரீக்ஷை எழுதினார். அதில் முதலாவதாகத் தேறினார். 1907-ம் வருஷம் லோகசுந்தரி அம்மாளை மணந்து, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாக அமர்ந்தார். பத்தொன்பது வயது நிரம்பாத இளைஞனுக்கு அது பெரிய பதவி. கை நிறையச் சம்பளமும், வயது செல்லச் செல்ல உயர்வும், முடிவில் பென்ஷனும் நிச்சயம். இவ்வளவும் வாய்த்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அத்துடன் திருப்தியடைந்திருப்பார்கள்.

அக்காலத்தில் கல்கத்தா பௌபஜார் தெருவில் விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று பெயர் எழுதிய ஒரு கட்டடம் இருந்தது. இதன் பூர்வ சரித்திரம் நமது விஷயத்துக்கு மிகவும் வேண்டற்பாலது. இதை 1876-ம் வருஷம் ஸ்தாபித்தவர் மஹேந்திரலால் ஸர்க்கார் என்னும் வங்காளத்து வைத்தியர். கல்கத்தா வைத்தியக் கலாசாலையில் உயர்ந்த பட்டம் பெற்ற அவர், இந்தியர் விஞ்ஞானத்தைப் பிறர் கூறக் கேட்பவர்களாக மாத்திரம் இருந்தால் போதாது, தாமே செய்து காண்பவர்களாக ஆகவேண்டுமென்று கருதினார். அதற்கென ஒரு ஸ்தாபனம் வேண்டும். அது இந்தியருடைய பணத்தால் எழும்பி, இந்தியருடைய நிர்வாகத்தில் நடக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. வருஷக்கணக்காகச் செல்வர்களிடம் கையேந்திப் பொருள் திரட்டினார். கட்டடம் எழுந்தது, கருவிகளும் வந்தன, ஆனால் அவற்றைத் தொட்டு ஆராயத்தக்க மனிதன் வரவில்லை. அக்குறையோடு அவர் 1904-ம் வருஷம் காலமானார்.

மூன்று வருஷம் கழித்து அம்மனிதன் வந்தார். ராமன் அச்சங்கத்தின் வாயிற்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். ஸர்க்காரின் குமாரர் அமிர்தலால் ஸர்க்கார் அவரை அன்புடன் வரவேற்றார். அன்று முதல் ராமனுடைய நாள் இரண்டு துண்டாயிற்று. விடியற்காலையில் சங்கத்தின் ஆராய்ச்சிசாலை. பிறகு அவசரமாக உணவருந்தி ஆபீஸ். சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே சங்கம். இரவு நெடுநேரம் கழித்து வீடு. ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்ட சில காலம் நீங்கலாக, பத்து வருஷம் இவ்வாறே நடந்தது. வீணை, தம்பூரா முதலியவற்றின் தந்திகளும், மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோல்களும் எவ்வாறு அதிர்ந்து நாதத்தை எழுப்புகின்றன என்பதை அவர் கணித முறையில் ஆராய்ந்தார். தாளக் கருவிகளில் நமது மிருதங்கம் தனிச்சிறப்புள்ளதென்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் அவரே. தந்தி அதிர்வதையும் தோல் அதிர்வதையும் கேட்டுப் பழகிய அக்காது பின்னால் அணுக்களின் அதிர்ச்சியை அறியப்போவதற்கு இது ஒரு முன்னுரை போலிருந்தது.

1917-ம் வருஷம் கல்கத்தா ஸர்வகலாசாலையின் உபாத்தியக்ஷராக முன்பு விளங்கிய ஸர் ஆசுதோஷ் முகர்ஜி, தாம் புதிதாக அமைத்த பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு ராமனை அழைத்தார். சம்பளமோ அவர் வாங்கிவந்ததிற் பெரிதும் குறைவு. ஆசிரியராக வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்கவேண்டுமென்ற நிபந்தனையும் குறுக்கே நின்றது. ராமன் அந்நிபந்தனைக்கு இணங்க மறுத்தார். முகர்ஜி அதை அவருக்காகத் தளர்த்தினார். உத்தியோகத்தை உதறிவிட்டு ராமன் ஆசிரியரானார். ஸர்க்கார் வேலையே மோக்ஷமென்று எண்ணும் மனப்பான்மை இன்றும் நம்மைவிட்டு அகலவில்லை. ஆதலின் இச்செய்கையின் பெருமையை நாம் வற்புறுத்திச் சொல்லவேண்டியதாயிருக்கிறது.

கடலின் நீலம்

1921-ம் வருஷம் ஆக்ஸ்போர்டில் கூடிய ஸர்வகலாசாலைகளின் மகாநாட்டுக்கு ராமன் பிரதிநிதியாகச் சென்றார். அவருக்கு மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலநிறம் பெரும் வியப்பை அளித்தது. கடல் நீலமாகத் தோன்றுவது வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதனால் என்பது அக்காலத்து மேதாவியான ராலே பிரபு கூறிய காரணம். ஆயிரக்கணக்கான பிரயாணிகள் அதைப் படித்து ஒப்புக்கொண்டு போயிருந்தார்கள். ராமனோ சட்டைப் பையிலிருந்த ஒரு சிறு பளிங்குக் கருவியை எடுத்து, நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலிக்கும் ஒளியை அதனால் மறைத்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபிம்பம் மறைந்தது, நீலம் மறையவில்லை, முன்னிலும் அழகாய் விளங்கிற்று. ஆகவே நீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடித்து அந்நிறத்தை உண்டாக்குகின்றன என்று முடிவு செய்து, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் இலண்டன் பத்திரிகைக்கு எழுதியனுப்பினார். பெரியோர் சொல்லானாலும் பரீக்ஷித்தே ஏற்கவேண்டுமென்னும் இக்குணம்தான் அவர் வாழ்க்கையின் திறவுகோல்.

கல்கத்தா திரும்பியதும், திரவங்களில் ஒளி சிதறும் விதத்தை மாணவர்களோடு கூடி ஆராயத் தொடங்கினார். 1923-ம் வருஷம் அவருடைய மாணவரான கே. ஆர். ராமநாதன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். சுத்தமான நீர் முதலிய திரவங்களில் ஒரு நிற ஒளியை மாத்திரம் செலுத்தியபோது, சிதறிய ஒளியில் வேறு நிறத்தின் சாயல் மிக மங்கலாகத் தென்பட்டது. திரவத்திலுள்ள அழுக்கே ஒளிர்கிறதென்று ஐயுற்று, அதை மீண்டும் மீண்டும் வடித்துச் சுத்தி செய்தார்கள். அழுக்காயிருந்தால் ஒவ்வொரு முறையும் அச்சாயல் குறைந்திருக்கவேண்டும், அது குறையவில்லை. 1925-ல் கே. எஸ். கிருஷ்ணனும் இதை ஆராய்ந்தார். அடுத்து எஸ். வேங்கடேசுவரன் சுத்தமான கிளிஸரினில் அதே ஒளியைப் பிரகாசமாகக் கண்டார். அது ஸாதாரணப் பொருள்களின் ஒளிர்வைப் போலன்றி, ஒரு திசையில் ஒழுங்குபட்டதாகவும் இருந்தது. ஐந்து வருஷம் இந்த மங்கலான சாக்ஷி விடாமல் வந்து நின்றான். ராமனும் அவனை விடாமல் குறுக்கு விசாரணை செய்தார்.

பிப்ரவரி 28

1928-ம் வருஷத் தொடக்கத்தில் ராமனும் கிருஷ்ணனும் முழுமூச்சுடன் இவ்வேலையில் இறங்கினார்கள். ஸ்ரீ வில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன், ஆசிரியருக்கு இணையான கூர்மதியும் அடக்கமும் உள்ளவர். அவர்களிடம் இருந்த கருவிகள் எளியவை: சூரியனுடைய கிரணங்களை ஒரு முனையிற் குவிக்கும் தூரதரிசனி ஒன்று, வர்ணக் கண்ணாடித் துண்டுகள் சில, கையடக்கமான நிறமாலைக் கருவி ஒன்று, பாதரஸ விளக்கு ஒன்று. இவற்றின் விலையெல்லாம் சேர்த்தால் சில நூறு ரூபாய்க்கு மேற்படாதென்பர். பிப்ரவரி 28-ந் தேதி நிறமாலைக் கருவியால் நோக்கியபோது, உட்சென்ற ஒளியின் நிறத்தினின்றும் இருட்பிளவால் பிரிக்கப்பட்டுப் புதிய ஒளி தனியே நிற்பது ஐயமறத் தெரிந்தது. பாதரஸ விளக்கை வைத்துப் பார்க்கவே, விளக்கில் இல்லாத புதிய ரேகைகள் தெளிவாக விளங்கின. ஏறக்குறைய அறுபது திரவங்களில் இதே விளைவு கண்டதாக இருவரும் சேர்ந்து எழுதிய கடிதம் இலண்டனில் மார்ச்சு மாதம் 31-ந் தேதி வெளியாயிற்று.

இவ்வுண்மையை எளிதாகச் சொல்லுவோம். ஒளி ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும்போது, அதன் பெரும்பகுதி போன நிறத்தோடே திரும்புகிறது. ஆனால் மிகச் சிறிய ஒரு பங்கு, கோடியில் ஒன்று என்று சொல்லத்தக்க அளவு, நிறம் மாறித் திரும்புகிறது. பொருளின் அணுத்திரள்கள் வீணைத் தந்திகளைப் போல ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒளி அந்த அதிர்ச்சிக்குத் தன் சக்தியில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, குறைந்த சக்தியோடு வெளிவருகிறது. எவ்வளவு கொடுத்ததென்று அளந்தால் எந்தத் தந்தி அதிர்ந்ததென்று தெரிந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வதிர்ச்சிகள் வெவ்வேறு. ஆதலால் சிதறிய ஒளியின் ரேகைகளைப் பார்த்தே பொருள் இன்னதென்று அடையாளம் சொல்லலாம். கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது போல.

அதே மாதத்தில் மாஸ்கோவில் இரண்டு ருஷ்ய விஞ்ஞானிகள் படிகங்களில் இதே விளைவைக் கண்டார்கள் என்பதையும், நோபெல் பரிசு ராமனுக்கு மாத்திரம் கிடைக்க, கிருஷ்ணனுடைய பங்கு பொதுஜனங்களின் நினைவில் மங்கிவிட்டதென்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. கிருஷ்ணன் பிற்காலத்தில் டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டராக விளங்கி 1961-ல் காலமானார். இரு தமிழர்களையும் ஒருங்கே போற்றுவதால் ஒருவர் புகழும் குறையாது.

புகழும் பிணக்கும்

1929-ம் வருஷம் ராமன் ஸர் பட்டம் பெற்றார். 1930-ம் வருஷம் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. விஞ்ஞானத் துறைகளில் ஆசியாவுக்கு வந்த முதற் பரிசு அதுவே. பரிசு வரும் என்ற உறுதியால், அறிவிப்பு வெளியாகுமுன்பே ஸ்டாக்ஹோமுக்குக் கப்பல் டிக்கட் வாங்கிவிட்டார் என்பது பிரசித்தம். சிலர் இதை அகந்தை என்பர். தாம் செய்த வேலையின் எடை தெரிந்த தொழிலாளியின் நம்பிக்கை என்று நாம் கொள்ளுகிறோம்.

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்துக்கு முதல் இந்திய டைரக்டராகச் சென்றார். அங்கே பணவிநியோகம் பற்றியும் நிர்வாகம் பற்றியும் மூண்ட பிணக்கினால் 1937-ல் அப்பதவியை விட்டுப் பேராசிரியராக மாத்திரம் இருந்தார். அவரிடம் குறைகளே இல்லையென்று சொல்லுவது முகஸ்துதி. முன்கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு. கமலா ஸோஹனி என்ற பெண்மணி அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர விரும்பியபோது, பெண் என்ற காரணத்தால் முதலில் மறுத்து, பிறகு நிபந்தனைகளின் பேரில் சேர்த்துக்கொண்டது அவர் புகழுக்கு ஒரு மாசு. அவ்வம்மையார் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று அம்மறுப்புக்குத் தக்க விடையளித்தார்.

1934-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தை ஸ்தாபித்தார். 1948-ல் ஓய்வு பெற்றதும், ஜனங்களிடம் திரட்டிய பொருளைக் கொண்டு தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். ஸர்க்கார் பணத்தை நாடினால் ஆராய்ச்சியின் சுதந்திரம் போய்விடுமென்பது அவர் அபிப்பிராயம். 1954-ல் பாரத ரத்னம் என்னும் பட்டம் அவரை வந்தடைந்தது. வைரங்களையும், பறவை இறகுகளையும், பூக்களின் நிறங்களையும், மனிதன் கண்ணால் காணும் விதத்தையும் கடைசிவரை ஆராய்ந்துகொண்டிருந்து, 1970-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி உயிர் நீத்தார். அவருடைய விருப்பப்படி அந்நிலையத்தின் தோட்டத்திலேயே தேகம் தகனம் செய்யப்பட்டது.

இரத்தம் கூறும் சாக்ஷியம்

ராமன் கண்ட ஒளி நெடுங்காலம் ரஸாயன சாஸ்திரிகளின் கைக்கருவியாகவே இருந்தது. அது மிக மங்கல். பாதரஸ விளக்கை வைத்துக்கொண்டு பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்காக, போட்டோத் தகட்டைத் திறந்து வைத்தாலன்றி ரேகைகள் பதியா. 1960-ம் வருஷம் லேஸர் என்னும் செறிந்த ஒரு நிற ஒளி பிறந்ததும் நிலைமை மாறிற்று. 1974-ல் இங்கிலாந்தில் சிலர், சொரசொரப்பான வெள்ளியின் மேல் படிந்த பொருள்களிலிருந்து ராமன் ஒளி எதிர்பாராத வலிமையோடு வருவதைக் கண்டார்கள். 1977-ல் மற்றவர்கள் அளந்து பார்க்க, அப்பெருக்கம் லக்ஷம் மடங்குக்கும் மேற்பட்டதென்று தெரிந்தது. கோடியில் ஒரு பங்காக இருந்த மெல்லிய குரல் இப்பொழுது காதில் விழத்தக்கதாயிற்று.

வைத்தியர்களுடைய கவனம் இதன்பால் திரும்பியதற்கு மற்றொரு காரணம் தண்ணீர். இரத்தத்தின் பெரும்பகுதி தண்ணீரே. செந்நிறத்துக்கு அப்பாற்பட்ட உஷ்ணக் கிரணங்களால் சோதிக்கும் முறையில், தண்ணீர் அக்கிரணங்களை விழுங்கி ஏனையவற்றை மறைத்துவிடுகிறது. ராமன் முறையில் தண்ணீர் அடக்கமாக ஒதுங்கி நிற்கிறது. அதிற் கலந்துள்ள பொருள்கள் பேசுகின்றன. இரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளியும் மஞ்சள் நிற நீரை எடுத்து லேஸர் ஒளியை அதிற் பாய்ச்சினால், புரதங்களுக்குரிய ரேகைகள், கொழுப்புக்குரிய ரேகைகள், கரோட்டீனுக்குரிய ரேகைகள் எல்லாம் அடுத்தடுத்து விளங்குகின்றன. புற்றுநோய் ஓர் அங்கத்தில் பிறந்தாலும், அதன் விளைவு இரத்தத்தில் கலக்கிறது. வரம்பின்றிப் பெருகும் அணுக்கள் உணவை மிகுதியாக வாங்குகின்றன. கழிவை மிகுதியாகத் தள்ளுகின்றன. அவை சிதையும்போது அவற்றின் துணுக்குகளும் இரத்தத்தில் சேர்கின்றன. தேகமும் தன்னைக் காத்துக்கொள்ளப் புரதங்களின் அளவை மாற்றிக்கொள்ளுகிறது. இம்மாறுதல்களில் எதுவும் தனியே பெரிதன்று. ஆனால் நூற்றுக்கணக்கான ரேகைகளின் உயரத்தையும் சேர்த்துக் கணினியின் மூலம் ஒப்பிட்டால், நோயாளியின் இரத்தத்துக்கும் நோயற்றவர் இரத்தத்துக்கும் உள்ள வேற்றுமை புலப்படலாம் என்பதே ஆராய்ச்சியாளர்களின் நம்பிக்கை.

2010-ம் வருஷம் சீனாவின் பூக்கியன் மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள், நுண்ணிய வெள்ளித் துகள்களை இரத்த நீரோடு கலந்து, மூக்கின் பின்புறத்துத் தொண்டையில் உண்டாகும் புற்றுநோயை இம்முறையால் பிரித்தறிய முடிந்ததென்று வெளியிட்டார்கள். நவி மும்பையில் டாட்டா நினைவு ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகளின் இரத்தத் தெளிநீரை ராமன் முறையிற் சோதித்து 2013 முதற்கொண்டு கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. பின்னது நமக்கு மிகவும் முக்கியம். புகையிலையின் கொடுமையால் வாய்ப்புற்று நமது நாட்டு ஆடவரை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்கிறது. பெரும்பாலோர் நோய் முற்றிய பின்பே வைத்தியசாலை வாயிலை மிதிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டால் உயிர் பிழைக்கும். வைத்தியச் செலவும் குறையும்.

அவசரம் ஆகாது

இவ்வளவு கூறியதனால், நாளைக்கே ஒரு சொட்டு இரத்தம் கொடுத்து நோயுண்டா இல்லையா என்று அறிந்து வரலாமென்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. இம்முறை இன்னும் பரீக்ஷை நிலையிலேயே இருக்கிறது. சதையிற் சிறு துண்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்து நிபுணர் பார்ப்பதே இன்றும் நோயை உறுதி செய்யும் வழி. ஒளியால் சகல புற்றுநோய்களையும் கண்டுவிடுவோமென்று விளம்பரம் செய்து பணம் பறிப்பவர்கள் தோன்றினால் ஜனங்கள் அவர்களை அணுகாதிருப்பார்களாக.

காரணங்கள் உள. காய்ச்சலும், ஈரல் நோயும், நீரிழிவும், முதுமையும், முந்தின நாள் உண்ட உணவும் இரத்தத்தை மாற்றுகின்றன. சிவப்பணுக்கள் உடைந்து கலந்துவிட்டால் ரேகைகள் கலங்குகின்றன. சில பொருள்கள் தாமே ஒளிர்ந்து ராமன் ஒளியை மூழ்கடிக்கின்றன. வெள்ளித் துகள்கள் ஒரு தடவை செய்ததுபோல் மறுதடவை அமைவதில்லை. சீனத்து ஆராய்ச்சியில் சோதிக்கப்பட்டவர்கள், நோயாளிகளும் நோயற்றவர்களுமாகச் சேர்ந்து நூறு பேருக்குட்பட்டவர்களே. நோயாளிகளின் இரத்தத்தை ஒரு வைத்தியசாலையிலும் மற்றவர்களின் இரத்தத்தை வேறோரிடத்திலும் எடுத்தால், கணினி இரண்டு இடங்களின் வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டு, அதையே நோயின் அடையாளமென்று சொல்லிவிடும். சொல்லிக்கொடுத்துக் கொண்டுவந்த சாக்ஷி விசாரணையில் எவ்வளவு சரளமாகப் பேசுவானென்பது நியாயஸ்தலங்களில் பழகியோர் அறிந்ததே.

கணக்கொன்றும் கூறுவோம். ஒரு பரீக்ஷை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லுவதாக வைத்துக்கொள்வோம். பதினாயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் இருந்தால், அப்பத்துப் பேரில் ஒன்பது அல்லது பத்துப் பேரை அது கண்டுபிடித்துவிடும். நன்று. ஆனால் நோயற்ற 9,990 பேரில் ஏறக்குறைய 500 பேரை நோயாளிகளென்று அதே பரீக்ஷை குற்றஞ்சாட்டும். உண்மை நோயாளி ஒருவனுக்கு ஐம்பது நிரபராதிகள் நடுங்குவார்கள். அவர்களிற் சிலர் வேண்டாத கத்திக்கும் உள்ளாவார்கள். குற்றவாளியைத் தப்பவிடுவதும் பிழை. நிரபராதியைத் தண்டிப்பதும் பிழை. ஆகவே பல ஊர்களில், பல்லாயிரம் பேரிடத்தில், பல யந்திரங்களால், முடிவை முன்னறியாதவர்கள் செய்து பார்த்து ஒத்துவந்தாலன்றி இப்பரீக்ஷையை ஏற்கலாகாது.

நமது கடமை

இந்த இடத்தில்தான் ராமன் வாழ்க்கை நமக்கு வழிகாட்டுகிறது. தெரிந்த மாத்திரத்தில் அவர் பறையறைந்துவிடவில்லை. 1923-ல் தோன்றிய மங்கலான சாயலை, அழுக்கோ என்று ஐயுற்று, வடித்து, மறுபடியும் வடித்து, அறுபது திரவங்களில் ஒத்துப் பார்த்த பின்பே உலகத்துக்கு உரைத்தார். அந்த ஒளியைக் கொண்டு நோய் காண முயல்பவர்களுக்கும் அதே பொறுமை வேண்டும். நம்பிக்கையை விற்பது எளிது. நம்பத்தக்கதைச் செய்வது அரிது.

மற்றொரு பாடம் நமது தேசத்தாருக்கு. சில நூறு ரூபாய்க் கருவிகளால் இந்நாட்டில் கண்ட உண்மையை அளக்கும் உயர்ந்த யந்திரங்களை நமது ஆராய்ச்சிசாலைகள் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே பெருவிலை கொடுத்து வாங்குகின்றன. பருத்தியைக் கொடுத்துவிட்டுத் துணியை வாங்கின பழைய கதை இது. லேஸரும், நிறமாலைக் கருவியும், ஒளியை எண்ணும் கண்களும் இங்கேயே செய்யப்படவேண்டும். வாய்ப்புற்று எங்கே மலிந்திருக்கிறதோ அங்கேதான் பரீக்ஷையும் நடைபெறவேண்டும். ஐரோப்பியர் இரத்தத்தைக் கொண்டு பழக்கிய யந்திரம் தஞ்சாவூர் விவசாயியின் இரத்தத்தைச் சரியாக வாசிக்குமென்று எவரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. ஜில்லா வைத்தியசாலைகளும் ஸர்வகலாசாலைகளும் கைகோத்து இரத்தத்தைச் சேகரித்து, பல வருஷம் அதே மனிதர்களைக் கவனித்து வருதல் வேண்டும். இதற்குப் பொருள் வேண்டும். அவசரப்படாத பொருள் வேண்டும். ஸர்க்கார் கொடுக்கட்டும்; செல்வர்களும் கொடுக்கட்டும்.

மஹேந்திரலால் ஸர்க்கார் என்ற வைத்தியர் தாம் காணப்போகாத ஒரு மனிதனுக்காக வீடு கட்டி வைத்துவிட்டுப் போனார். அவ்வீட்டில் ராமன் தாம் காணப்போகாத நோயாளிகளுக்காக ஓர் ஒளியைக் கண்டு வைத்துவிட்டுப் போனார். வைத்தியருடைய வீட்டில் பிறந்த அவ்வொளி மறுபடியும் வைத்தியரிடமே வந்திருக்கிறது. அதைச் சோதித்து, திருத்தி, ஏழையின் குடிசைக்கும் எட்டும்படி செய்து வைப்பதே நம் தலைமுறை அவ்விருவருக்கும் செலுத்தத்தக்க கைம்மாறு.